கவுன்சிலருக்கு ஒரு தீப்பெட்டி வெட்டுக்கிளி

நைனா,

போன பிறகும் அம்மாவை அலற வைக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

இன்று காலை உன் போட்டோவுக்கு விளக்கேற்றப் போனாள். அடுப்பங்கரைத் தீப்பெட்டி ஏரிக்காற்றில் நமுத்துக் கிடந்தது. உன் நீலச் சட்டை இன்னும் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துவைக்கவும் மாட்டாள், மடிக்கவும் மாட்டாள், என்னையும் தொட விடமாட்டாள். அதன் பையில் ஒரு தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து எடுத்தாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே ஏதோ ஆடியது. நம்பித் திறந்தாள்.

குச்சி இல்லை. காய்ந்து சருகாகிப்போன ஒரு வெட்டுக்கிளி.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சித்தி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் பிரஷ்ஷை விழுங்கப் பார்த்தேன். "பாவி மனுசா, போயும் உட மாட்டியா நீ?" என்று உன் போட்டோவைப் பார்த்துக் கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓய்ந்ததும் அந்த வெட்டுக்கிளியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நீயும் அப்படித்தானே? கதை சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, "ஒரு டீ கொண்டா, அப்பால சொல்றேன்" என்பாய். நீ டீ குடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன். இப்போது நீ காத்திரு.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? படகு ஏறக் கூடாது, வலை இழுக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். "ஏரியில பொறந்தவனைப் பாத்து உப்பைக் கொறன்றாரு, இன்னா டாக்டரோ" என்று பஸ் முழுக்க முனகிக்கொண்டே வந்தாய். "ஸ்டென்ட் வச்ச ஆளு ஸ்டண்ட் பண்ணக் கூடாது நைனா" என்றேன். முறைத்தாய். ஆனால் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நீ சிரித்தது குறைவு. ஏரியில் வலை போட நம் குடும்பத்துக்கு முறை வரும் பாடு நாட்களில் உனக்குப் பதில் சித்தப்பா போனார். நீ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாய். உப்பில்லாத குழம்பைத் தட்டில் தள்ளித் தள்ளி ஒதுக்குவாய். நான் என்ன சேட்டை செய்தாலும், "போய்ப் படி" என்று ஒரு பதில். அது நீ பேசுகிற பேச்சே இல்லை. எனக்கு அதுதான் ஸ்டென்ட்டைவிடப் பெரிய பயம்.

அப்படி ஒரு நாளில்தான் அவன் வந்தான்.

கொல்லைப் பக்கம் வேலிக்காத்தான் புதர்மேல் சித்தப்பா புது வலையைக் காயப் போட்டிருந்தார். அதில் ஒரு இலை மட்டும் காற்றில்லாமலே ஆடியது. கிட்டப் போனால் அந்த இலைக்குக் கண் இருந்தது. கண் சுற்றியது. வாயைப் பிளந்து 'உஸ்' என்று சீறியது.

"நைனா! வலையில மாட்டிக்கினு கீது!"

"இன்னா, நண்டா?"

"பச்சோந்தி!"

நீ எழுந்து வந்தாய். பின்னங்கால் ஒன்றில் வலையின் தங்கூஸ் நைலான் நரம்பு இறுகி, கால் வீங்கிக் கறுத்திருந்தது. அம்மா அடுப்பங்கரை வாசலைத் தாண்டவில்லை. "கிட்டப் போவாதீங்க! ஊதுச்சுன்னா கண்ணு போயிடும்!" சித்தப்பா, "ஓணான் சாதிதான, காலைப் பிச்சு எடுண்ணா, வலை புதுசு" என்றார். நீ இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, புது வலையை ஒரு முழத்துக்கு அறுத்தாய். சித்தப்பா நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்தால், அவருக்கும் ஸ்டென்ட் தேவைப்படும் போலிருந்தது.

எனக்கு அது புதிதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடலில் உன் வலைக்கு ஓர் ஆமை வந்தது. அப்போதும் இப்படித்தான் அறுத்தாய். அம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்து, அலைக்குள் அனுப்பினோம். அன்றைக்குச் சொன்னதையே இப்போதும் சொன்னாய். "வலைக்கு வந்ததை ஒண்ணு தின்னணும், இல்ல உட்டுடணும். நடுவுல இன்னொண்ணு கெடையாது."

"அப்ப இதை உட்டுடலாமா?"

"இந்தக் காலோட உட்டா காக்கா நாஷ்டா பண்ணிடும். ஆறட்டும். ஆறினதும் உட்டுடலாம்."

பேர் வைத்தது நீதான். "நெறம் மாறுது. நாக்கு நீளம். ஒரு அடி எடுத்து வைக்க ஒம்போது வாட்டி யோசிக்குது. கவுன்சிலர்டி இவன்." அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் அறிவியல் சாரிடம் கேட்டேன். "காட்டு உசிரும்மா. வீட்டுல வளக்குறது சட்டப்படி தப்பு. புண்ணை ஒரு டாக்டர்கிட்ட காட்டு, ஆறினதும் எடுத்த எடத்துலயே விட்டுடு" என்றார். பொன்னேரிக்கு மாட்டு டாக்டரிடம் போனோம். ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்கள் பல்லில் கடித்துக்கொள்வார்களே ஓலைக் கூடை, அந்தப் பறிக்குள் கவுன்சிலர். பறி உன் மடியில். "இன்னா பெருசு, இறாலா?" என்றார் கண்டக்டர். "இல்லபா, கவுன்சிலரு." "அவருக்கு டிக்கெட்?" "அவுங்க என்னிக்குபா டிக்கெட் எடுத்தாங்க?" பின்சீட்டு வரைக்கும் சிரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ வெளியாட்களிடம் முதல்முறையாக நீயாகப் பேசியது அந்த பஸ்ஸில்தான்.

டாக்டர் புண்ணைக் கழுவி மருந்து தடவினார். "எனக்கு மாடுதான் பழக்கம். இதை எப்படிப் பாத்துக்கறதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்று கை கூப்பினார். நாம் கண்டுபிடித்த அழகு இருக்கிறதே!

நம் வீட்டுக்கு யார் வந்தாலும் இறால்தான். அதனால் கவுன்சிலருக்கும் இறால். சித்தப்பா கொண்டுவந்ததிலேயே நல்ல வெள்ளை இறாலாகப் பார்த்து, ஓடு உரித்து, குடல் எடுத்து, வாழை இலைத் துண்டில் வைத்தாய். "பச்சோந்திக்குப் பந்தி" என்றேன். அவன் ஒரு கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். அதில் என் முகம் தெரிந்ததுதான் மிச்சம். ஆசையாகத் தடவிக்கொடுத்தேன், கரிக்கட்டை மாதிரி கறுத்தான். பறிக்குள் இருட்டில் வைத்தோம், இன்னும் கறுத்தான். நாளாக ஆகக் கண் இரண்டும் குழிக்குள் போனது. அம்மா உன் தட்டையும் அவன் இலையையும் பார்த்தாள். "ரெண்டும் திங்க மாட்டேங்குது. நான் யாருக்குதான் ஆக்கிப் போடறது?"

செல்போனில் தேடினேன். வெளிநாட்டில் பெரிய கூண்டு கட்டி, உள்ளே விளக்குப் போட்டு வெயில் காட்டுகிறார்கள். "வெயிலுக்குப் போய் விளக்கு வாங்குறானுங்களா? அவனுங்களை இங்க வரச் சொல்லு" என்றாய். ஆனால் அன்றைக்கே மூங்கில் கழி நான்கை நட்டு, பழைய கொசுவலையைச் சுற்றி, உள்ளே முருங்கைக் கிளை வைத்து, பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு வீடு கட்டினாய். பறியிலிருந்து கிளைக்கு மாறியதும் அவன் மெல்லப் பச்சையானான். நீ நாற்காலியைத் திருப்பி அவன் பக்கம் போட்டாய்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. "இவன் அசையறதைத்தான் திம்பான்னு போட்டிருக்கு நைனா" என்று படித்துச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய், இறாலைப் பார்த்தாய். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று ஒரு முழம் தங்கூஸை எடுத்தாய். நுனியில் இறாலைக் கட்டி, ஆட்காட்டி விரலில் நரம்பைச் சுற்றி, அவன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டு ஆட்டினாய். தூண்டில் போடுகிறபோது ஆட்டுவாயே, அதே ஆட்டல். விரல் அசைவதே தெரியாது. இறால் மட்டும் உயிரோடு துடிக்கும்.

ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணும் திரும்பியது. எதிர்க்கரையில் ராக்கெட் விடுவார்களே, அதெல்லாம் சும்மா. நாக்கு போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. இறால் வாய்க்குள் இருந்தது. நாம் இருவரும் கத்தினோம். அவன் ஒரு தரம் மென்றான். யோசித்தான். துப்பிவிட்டான்.

"நம்ம ஊர்ல இறாலைத் துப்பின மொத ஆளு இவன்தான்" என்றாய். உனக்குக் கோபமே வரவில்லை. எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினாய். "வாடி, வெட்டுக்கிளி புடிக்கலாம்."

வெட்டுக்கிளியைக் கட்ட நீ போட்ட சுருக்கு எனக்கு இன்றைக்கும் வராது. நாக்கு இழுத்ததும் சுருக்கு தானே அவிழும். பூச்சி அவனுக்கு, நரம்பு உனக்கு. முதல் வெட்டுக்கிளியை அவன் விழுங்கிய அன்று, உப்பில்லாத குழம்பை ஊற்றி நீ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய். அம்மா மூன்றாம் முறை போட வந்தாள்.

தண்ணீர் விஷயம் முதல் தூறலில் தெரிந்தது. இலையில் நின்ற சொட்டை அவன் நக்கி நக்கிக் குடித்தான். "அட, இவனுக்கு டிரிப்ஸ்தான் ஏத்தணும்!" என்று நீ குதித்தாய். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த ஆளாயிற்றே. பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளை போட்டு, கிளைக்கு மேலே தலைகீழாகக் கட்டினாய். சொட்டு, சொட்டு, இலைமேல். "டூட்டி நர்ஸ் எங்க? பாட்டில் தீந்துபோச்சு பாரு!" என்று வாசலிலிருந்து என்னைக் கூப்பிடுவாய்.

காலை வெயிலில் நாம் பிடித்த வெட்டுக்கிளிகளை நீ தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். அந்தத் தீப்பெட்டிதான் எவ்வளவு வேலை செய்தது! நம் கேஸ் லைட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்தது உனக்கு வசதியாகப் போனது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்புவதற்குள் பெட்டியை மாற்றி வைப்பாய். அவள் திறப்பாள். வெட்டுக்கிளி அவள் தோளுக்குத் தாவும். "இந்த வீட்ல ஒரு வாலு பத்தாதுன்னு ரெண்டு!" என்று கரண்டியோடு துரத்துவாள். நெஞ்சு வலிக்காரன் ஓடக் கூடாது என்று நீ நாற்காலியிலேயே உட்கார்ந்து அடி வாங்கிக்கொள்வாய். உனக்கும் சேர்த்து நான் ஓடுவேன்.

கார்த்திகை முடிவதற்குள் அவன் கால் ஆறியது. ஆறிய காலால் கிளையை இடுக்கி மாதிரி கவ்விக்கொண்டான். "உட்டுடலாமா நைனா?" என்றேன். "மழை நிக்கட்டும்." மழை நின்றது. "பனி போவட்டும்." "நடுவுல இன்னொண்ணு கெடையாதுன்னு ஒருத்தர் சொன்னாரே, யாரு அவரு?" என்றேன். "அவரு படகு ஏறிப் போய்ட்டாரு. வந்ததும் சொல்றேன்" என்றாய். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, "பொங்கல் கழிச்சு மொத ஞாயித்துக்கெழமை. நீயும் நானும் போய் உடறோம், சரியா?" என்று கை நீட்டினாய். கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

பொங்கல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் சித்தப்பா பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு நின்றார். என் புத்தகப் பையை அவர் வாங்கிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. என் பையை அதுவரை யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

அதற்கப்புறம் வீடு முழுக்க ஆட்கள். பசியாவரம் தீவிலிருந்து உன் கூட்டாளிகள் எல்லாம் படகில் வந்தார்கள். உன் பிளாஸ்டிக் நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். எனக்குக் கவுன்சிலர் ஞாபகமே வரவில்லை. எல்லாம் முடிந்து இரண்டாம் நாள் திடுக்கென்று உறைத்தது. கொல்லைக்கு ஓடினேன்.

அம்மா அங்கே நின்றிருந்தாள். ஊதினால் கண் போய்விடும் என்று அதுவரை கிட்டவே போகாதவள், கொசுவலையைத் தூக்கி முகத்தை உள்ளே நுழைத்திருந்தாள். காய்ந்துபோன பாட்டிலின் கீழே, செம்புத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து, விரல் நுனியிலிருந்து இலைமேல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். அவன் நக்கினான். "குடி. நீயாவது குடி" என்றாள். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை நைனா. நீ இருந்திருந்தாலும் வந்திருக்காது.

அன்றிலிருந்து வெட்டுக்கிளி பிடிக்கிற வேலை அம்மாவுடையது. உன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். உன்னைப் போலச் சுருக்குப் போடத் தெரியாது; கையிலேயே பிடித்து நீட்டுவாள். நாக்கு விரலில் பட்டால், "கூசுதுடா" என்பாள்.

சார் ஒரு நாள், "விட்டுட்டியாம்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "உட மாட்டேன்" என்றாள். நீ கொடுத்த வார்த்தையை ஞாபகப்படுத்தினேன். "வார்த்தை குடுத்த ஆளு இருந்தாரா? அவர் கையால தின்ன உசுருடி இது. இதையும் அனுப்பிட்டு நான் யாரைப் பாத்துக்கினு இருப்பேன்?" எனக்கும் விட மனசில்லை என்பதை அம்மா கண்டுபிடித்திருப்பாள்.

ஆனால் கவுன்சிலருக்கு வேறு எண்ணம். வெயில் ஏற ஏறக் கொசுவலையின் ஓரமாக மேலே ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். மூக்கை உரசி உரசி நுனியில் புண். வெட்டுக்கிளியை நீட்டினால் ஒரு கண் மட்டும் பார்க்கும்; இன்னொன்று வேலிக்காத்தான் பக்கமே இருக்கும். பச்சையை விடக் கறுப்பாக இருக்கிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. அம்மாவும் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

இப்போது கதை இன்று காலைக்கு வந்துவிட்டது. டீ குடித்து முடித்தாயா?

அந்தக் காய்ந்த வெட்டுக்கிளியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னது இதுதான். "மூடி வச்சதை மறந்துட்டு அவர் போய்ட்டாரு. நாம தெரிஞ்சே மூடி வச்சிக்கினு கீறோம். கெளம்புடி. கவுன்சிலரை உட்டுட்டு வரலாம்."

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ சொன்ன ஞாயிறு இல்லை, கொஞ்சம் தாமதம். உன் பரம்பரையில் யார்தான் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறார்கள்?

முருங்கைக் கிளையோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். சித்தப்பாவும் வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "என் வலையை அறுத்தவன்டி அவன், வழியனுப்ப வேணாமா?" என்றார். அம்மா கிண்ணத்தில் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்திருந்தாள். ஆமைக்கு வைத்த மாதிரி இவனுக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் வேலிக்காத்தானின் அடிமரத்துக்கு வைத்தாள். கிளையைப் புதரோடு சேர்த்துப் பிடித்தேன்.

அவன் ஒரு காலைத் தூக்கினான். முன்னும் பின்னும் ஆடினான். யோசித்தான். காலை இறக்கினான். "போய்யா, தேர்தலே முடிஞ்சிடும்" என்றேன். அம்மா என் தலையில் தட்டினாள். அப்புறம் ஒவ்வொரு காலாக மாற்றி வைத்து முள்ளுக்குள் போனான். பத்தடி தூரம்கூட இல்லை, அதைக் கடக்க அவ்வளவு நேரம். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே போகப் போகக் கறுப்பு கழன்று, உன் கொசுவலைக்குள் நான் ஒரு நாளும் பார்க்காத ஒரு பச்சைக்கு மாறினான்.

போகும்போது அவனுடைய ஒரு கண் உச்சிக் கிளையைப் பார்த்தது. இன்னொரு கண் எங்களைப் பார்த்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது நைனா. போகிற இடத்தையும் விட்டுவந்த இடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறதே அவனால். நானும் பழகிப் பார்க்கிறேன். இந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். ஒரு கண் புத்தகத்தில் இருக்கிறது.

கொசுவலையைப் பிரித்து அம்மா துவைத்துப் போட்டாள். கூடவே உன் நீலச் சட்டையையும். கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. நான் கேட்காமலே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்கு மேல போட்டுக்கினு போ. காலையில குளுருது."

உன் தங்கூஸ் துண்டு என்னிடம் இருக்கிறது. ஜன்னல் கம்பியில் கட்டி ஆட்டிப் பார்க்கிறேன். என் விரல் இன்னும் அசைவது தெரிகிறது. தெரியாமல் போகிற வரைக்கும் ஆட்டுவேன்.

தீப்பெட்டியும் என்னிடம்தான். சாயங்காலம் வெளியே போய் ஒரு நல்ல கொழுத்த வெட்டுக்கிளியாகப் பார்த்துப் பிடித்தேன். பெட்டிக்குள் போட்டு, அடுப்பு மேடையில் அம்மா கை வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ராத்திரிச் சமையலுக்கு வருவாள். நீ செய்யாத ஒன்றை மட்டும் செய்திருக்கிறேன்: மூடியில் ஊசியால் நாலைந்து துளை போட்டிருக்கிறேன்.

காதை இந்தப் பக்கம் வை. கேட்கும்.